நிறுத்தத்தின் பெயருக்குக் கீழே இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறைக்குச் சென்னைக்கு வருபவர்கள் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். மெரினா, வண்டலூர், மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், அப்புறம் இரண்டு பெரிய மால்கள். எத்தனை மணிக்குத் திறக்கும், எவ்வளவு கட்டணம் என்ற விவரமெல்லாம் இருந்தது. பயனுள்ள பக்கம்தான், வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் மனசில் ஒரு குறை நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் 1984 டிசம்பரில், பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்று இருந்த காலத்தில், நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தேன். 2016-ல் ஓய்வு பெற்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் தோளில் பையும் கையில் டிக்கெட் கட்டும் வாயில் விசிலுமாக இந்த ஊர்த் தெருக்களில் போய் வந்திருக்கிறேன். வெளியூர்க்காரர் யார் என்பது ஏறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். கம்பியை இரண்டு கையாலும் பிடிப்பார்கள். ஸ்டாப் பெயரை மூன்று முறை சொல்லி டிக்கெட் கேட்பார்கள். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடுமோ என்று ஜன்னல் பக்கம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் கேள்வி வரும். "ஏன் சார், இந்த இடத்துக்கு எதுக்கு இந்தப் பேரு?"

இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, அவர்கள் கேட்ட பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதுதான்.

1991 மே மாதம் என்று நினைவு. சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், மெரினா பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். வண்டி திருவல்லிக்கேணிப் பக்கம் வந்ததும் வழக்கம்போல, "ஐஸவுஸ், ஐஸவுஸ் எறங்கு" என்று குரல் கொடுத்தேன். ஏழெட்டு வயதுப் பையன், அம்மா மடியிலிருந்து துள்ளி இறங்கி என் முன்னால் வந்து நின்றான். நெற்றி முழுக்க வேர்வை. "மாமா, இங்க ஐஸ் குடுப்பாங்களா?" என்று கேட்டான். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பாவுக்குச் சங்கடமாகப் போய், பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நான், "அது பழைய பேரு தம்பி, ஐஸெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது விசிலுக்கு முன்பே எனக்கு மனசு உறுத்தியது. அந்த ஸ்டாப்பின் பெயரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துகிறேன், ஏன் அந்தப் பெயர் என்று எனக்கே தெரியாது.

தினமும் அந்த வழியில் வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அடுத்த நாள் அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன கதையைக் கேட்டபின், அந்தப் பையனைத் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாதா என்று ஆகிவிட்டது எனக்கு.

பையன் கேட்டது சரியான கேள்வி. அங்கே நிஜமாகவே ஐஸ் கொடுத்தார்கள். கடற்கரைச் சாலையில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிறதே, வட்டமான முகப்போடு, அந்தக் கட்டடம் 1842-ல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர். அந்தப் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கிடக்கும். அந்த ஐஸை ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, உருகாமல் இருக்க மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்தார்கள். மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் இறக்கி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நம் மீனவர்கள்தான் அந்தப் படகுகளை ஓட்டினார்கள். உப்புத் தண்ணீரில் குளித்து வளர்ந்த அந்த மனிதர்கள் முதன்முதலாக ஐஸ் பாளத்தைத் தொட்டபோது கையை எப்படி உதறியிருப்பார்கள் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று மூன்று ஊரிலும் இந்த மாதிரி ஐஸ் கிடங்கு இருந்தது. மற்ற இரண்டும் போய்விட்டன. நம்முடையது மட்டும் நிற்கிறது. 1870-களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அந்தக் கட்டடத்தை வாங்கி, ஜன்னல்கள் வைத்து வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அந்த வீட்டில்தான். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தானே சிறு வயதில் கணவனை இழந்தவரான சகோதரி சுப்பலட்சுமி, சென்னை மாகாணத்தில் பட்டம் படித்து முடித்தவர், தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து அந்தக் கட்டடத்தில் விடுதி நடத்தினார், படிக்க வைத்தார். 1963-ல்தான் விவேகானந்தர் இல்லம் என்ற பெயர். ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்றைக்கும் அந்தப் பகுதி ஐஸ் ஹவுஸ்தான்.

ஒரே கட்டடம். இவ்வளவு கதை. உங்கள் பக்கத்தில் மெரினாவைப் பற்றி ஏழு வரி இருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் இந்தக் கட்டடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒரு ஸ்டாப் பெயருக்குக் காரணம் கேட்டால், தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் நோட்டில் குறித்துக்கொண்டு, வாராந்திர ஓய்வு நாளில் நூலகத்துக்கோ அந்த இடத்துக்கே நேரிலோ போய்விடுவேன். எங்கள் வீட்டில் இதற்காக எனக்குத் திட்டு விழுந்ததும் உண்டு.

பாரிமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். "பாரிஸ், பாரிஸ்" என்றுதான் கூவுவோம். ஒரு தடவை மதுரையிலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவர், "முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளல் பெயரில் ஒரு முனையே வைத்திருக்கிறீர்களே" என்று மனம் நெகிழ்ந்து பேசினார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தாமஸ் பாரி. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து 1788-ல் இங்கே வியாபாரம் தொடங்கியவர். அவர் பெயரிலான கம்பெனியின் கட்டடம் அந்த முனையில் இருந்ததால் பாரிஸ் கார்னர், பிறகு தமிழில் பாரிமுனை. பெயர் தமிழுக்குள் வந்ததும் அதற்கு ஒரு வள்ளல் கிடைத்துவிட்டார். நம் ஊர் வாய்க்கு அந்தச் சக்தி உண்டு.

இன்னும் நல்ல உதாரணம் பாரிமுனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்மேனியன் தெரு. அதன் தமிழ்ப் பெயர் அரண்மனைக்காரத் தெரு. அங்கே எந்த ராஜாவும் இருந்ததில்லை. ஆர்மேனியன் என்ற சொல் நம் ஜனங்கள் வாயில் விழுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் ஆர்மேனியர்கள் 1772-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. பாரிமுனை இரைச்சலிலிருந்து அந்த வாசலுக்குள் நுழைந்தால், வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி அமைதி. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், அவற்றில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. தனியாக ஒரு மணிக்கூண்டு, அதில் ஆறு பெரிய மணிகள்.

ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு இது பிடிக்கும்: உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை 1794-ல் நம் மெட்ராஸில்தான் அச்சானது. அதை நடத்திய ஹாருத்யூன் ஷ்மாவோனியான் அந்தத் தேவாலயத்து மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இன்றைக்கு அங்கே கூடிப் பூசை செய்ய இந்த ஊரில் ஆர்மேனியச் சமூகம் என்று ஒன்று இல்லை. அவர்கள் விட்டுப்போனதை நாம் தினமும் மிதித்துக்கொண்டு போகிறோம். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே முதல் பாலத்தை 1726-ல் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வியாபாரி. பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் கொடுத்ததுதான். அவர் கட்டிய பாலம் இப்போது இல்லை, அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பரங்கிமலைப் படிகளில் நான் ஏறியிருக்கிறேன். மேலே போய் நின்றால் விமானம் இறங்குவது கீழே தெரியும். இந்தியா முழுவதையும் அளந்து முடித்த பெரிய நில அளவைக்கு 1802-ல் முதல் கோடு போட்டது அந்த மலையடிவாரத்தில்தான். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே தொடங்கிய வேலை வளர்ந்து வளர்ந்துதான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் வரைக்கும் போனது.

உயர் நீதிமன்ற ஸ்டாப்புக்கு வருகிறேன். என் சம்பந்தி அம்பாசமுத்திரத்துக்காரர். போன வருஷம் மே மாதம் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை எம்டன். பேரன் சேட்டை செய்தால், "சரியான எம்டன்யா இவன்" என்பார். அவரை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கே பதித்திருக்கும் சின்னக் கல்லைக் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இருட்டில் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே ஓடியது. எப்போது வந்தான், எப்படிப் போனான் என்று தெரியாமல் காரியம் முடிப்பவனுக்கு எம்டன் என்று பெயர் வைத்துவிட்டார்கள் நம் ஜனங்கள். முதல் உலகப் போரில் வந்துபோன ஒரு கப்பலின் பெயர், தாமிரபரணிக் கரையில் பேரனைக் கொஞ்சும் வார்த்தையாக இருக்கிறது. சம்பந்தி அந்தக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "நாப்பது வருஷமா சொல்றேன், இது கப்பல் பேருன்னு தெரியாது" என்றார். பத்து நாளில் அவர் பார்த்ததில் எது பிடித்தது என்று ஊருக்குத் திரும்பும்போது கேட்டேன். அந்தக் கல்லைத்தான் சொன்னார்.

அதே வளாகத்துக்குள்தான் பழைய கலங்கரை விளக்கம், உயரமான கருங்கல் தூண், இன்றும் நிற்கிறது. இந்த ஊரில் விளக்கு இதுவரை நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏற்றினார்கள். 1844-ல் இந்தக் கல்தூணுக்கு வந்தது. 1894-ல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சிக்குப் போனது. 1977-ல் இப்போதிருக்கும் மெரினா கலங்கரை விளக்கம். இதில் லிஃப்ட் உண்டு என்பதால் முட்டி வலிக்காரர்களும் மேலே போய்க் கடலைப் பார்க்கலாம். என் மனைவியையும் அப்படித்தான் அழைத்துப்போனேன். விளக்கு என்றதும் இன்னொன்று. மயிலாப்பூர் லஸ் என்று சொல்கிறோமே, அது போர்ச்சுகீசியச் சொல், ஒளி என்று அர்த்தம். அங்கே இருக்கும் பழைய மாதா கோயிலை வைத்து வந்த பெயர். அந்தக் காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் உள்ளூர்க்காரர்கள் காட்டுக் கோயில் என்று சொல்வார்கள். அந்தப் பக்கம் ஆயிரம் விளக்கு, இந்தப் பக்கம் லஸ், கடலோரம் லைட் ஹவுஸ். டிக்கெட் கிழித்துக்கொண்டே இதை யோசித்து நான் எத்தனையோ நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சில ஸ்டாப்புகளில் பெயர் மட்டும்தான் மிச்சம், இடம் போய்விட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் என்று கேட்டு ஏறுபவர்கள் இன்றும் உண்டு. ஹோட்டல் கிடையாது. ஜெமினி என்று இறங்குகிறோம். ஜெமினி ஸ்டூடியோ போய்ப் பல காலம் ஆகிவிட்டது. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்த பிறகும் அது ஜெமினி பாலம்தான். அதன் பக்கத்தில் திமிறும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடிக்கும் சிலை இருக்கிறதே, அது 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததன் நினைவாக வைத்தது. தினமும் லட்சம் பேர் சிக்னலில் நின்று அந்தக் குதிரையைப் பார்க்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும்?

மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை வண்டி சென்ட்ரலைத் தாண்டும்போது கருகின வாடை உள்ளே வந்தது. பழைய புத்தகக்காரர்கள் சாலையோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அதன் பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தினமும் போய்வரும் பிள்ளைகள் டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருத்தி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, "உயிர் காலேஜுக்கு ரெண்டு சீட்டு குடுப்பா" என்றாள். புது ஆட்களுக்குப் புரியாது, சொல்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். பாடம் பண்ணின மிருகங்கள், எலும்புக்கூடுகள் எல்லாம் இருப்பதால். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் அன்றைய சுற்றுலா. அந்த மிருகக்காட்சிசாலை 1985-லேயே வண்டலூருக்குப் போய்விட்டது. பாட்டிக்கு அது தெரியவில்லை. அவள் வண்டலூரைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். அன்றைக்கு அவர்களை எழும்பூரில் இறக்கி, செத்த காலேஜைக் காட்டச் சொல்லி அனுப்பினேன். அதையும் குறைவாகச் சொல்லிவிட முடியாது. 1851-லிருந்து இருக்கும் அருங்காட்சியகம். அமராவதிச் சிற்பங்களும், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நின்றுவிட்டு வந்த பிறகு மாலில் என்ன பார்க்க இருக்கிறது என்று நான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, வருபவர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, என் குறைக்கு வருகிறேன்.

சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய கட்டடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலில் பெரிய பலகை, நல்ல பளபளப்பான எழுத்து. முழுக்க ஆங்கிலம். சம்பந்தி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தமிழில் எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிப்பார். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது எதையும் விடமாட்டார். அவர் அந்தப் பலகை முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பாதிதான் புரிந்தது. "சரி, வாங்க போவோம், வெயிலா இருக்கு" என்று நடந்துவிட்டார். 650 கிலோமீட்டர் தாண்டி வந்த மனிதர், தன் மாநிலத் தலைநகரத்தில், தன் பாஷையில் ஒரு வரி கிடைக்காமல் திரும்பினார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இந்த ஊருக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும், நியாயம். ஆனால் இங்கே வந்து போகும் ஜனங்களில் பெரும்பகுதி சம்பந்தியைப் போன்றவர்கள்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், கல்யாணத்துக்கு வருகிறார்கள், பிள்ளைக்கு இன்டர்வியூ என்று கூட வருகிறார்கள். நடுவில் கிடைக்கும் அரை நாளில் ஊரைப் பார்க்கிறார்கள். சுற்றுலா பஸ்ஸில் போவதில்லை, நம் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரை யார் சொல்வது?

எல்லாம் போனில் இருக்கிறதே என்று என் பேரன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் போன் பதில் சொல்லும். எம்டன் ஒரு கப்பலாக இருக்கும் என்று தோன்றினால்தானே தேடுவான்? பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மனிதன் அப்படியில்லை. பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ வேறு வேலையில்லாமல் நிற்கிறான். எதிரே எது இருந்தாலும் படிக்கிறான். டியூஷன் நோட்டீஸ், மூட்டுவலித் தைலம், வாடகைக்கு வீடு என்று எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிடுகிறான். முப்பது வருஷம் படிக்கட்டில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஸ்டாப் பலகையில் பெயர் எழுதியிருக்கிறார்களே, அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு வரி தமிழில் எழுத வேண்டும். இந்தப் பெயர் எப்படி வந்தது, பக்கத்தில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். வால்டாக்ஸ் ரோட்டில், அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அந்தச் செலவுக்காக வரி போட நினைத்ததால் வந்த பெயர் என்று. சிந்தாதிரிப்பேட்டையில், நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னத் தறிப் பேட்டை என்று. கண்ணகி சிலை ஸ்டாப்பில், கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைக்கப்பட்டவை, அதில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் மூவரும் கடல் கடந்து வந்து தமிழுக்கு உழைத்தவர்கள் என்று. தீவுத்திடல் பக்கம், அந்தக் காலத்துக் கவர்னர் மன்றோ துரை சிலையாக உட்கார்ந்திருக்கும் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை, பாருங்கள் என்று. குழந்தைகள் பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. பெயிண்டும் எழுதுபவர் கூலியும்தான். விஷயம் சொல்ல ஆள் இல்லையா என்றால் ஒவ்வொரு பேட்டையிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார்கள். தப்பான கதை ஏறிவிடக்கூடாது, அதற்கு ஒரு வரலாற்று ஆசிரியர் பார்த்துச் சரி செய்து கொடுக்கட்டும். பல்கலைக்கழகமே கடற்கரையில்தான் இருக்கிறது.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்து வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் அங்கே வானாராய்ச்சிக் கூடம் அமைத்தபோது நட்டது. நட்சத்திரம் பார்க்கும் கருவியை அதன்மேல்தான் வைத்திருந்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களுக்கும் இந்தக் கூடம் இருந்தது தெரிய வேண்டும் என்று அந்தத் தூணில் எழுதி வைத்தார்கள். லத்தீனில் எழுதினார்கள், தமிழிலும் எழுதினார்கள், தெலுங்கிலும் எழுதினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு 1792-ல் தோன்றியது, நம்முடைய ஊரில் நம்முடைய பலகைக்கு நமக்குத் தோன்ற வேண்டாமா?

உங்கள் நாளிதழும் ஒரு உதவி செய்யலாம். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு ஸ்டாப் என்று நாலு வரிக்கு இடம் கொடுங்கள். வாசகர்கள் எழுதுவார்கள். மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் இதே மாதிரி பெயர்கள் இருக்கின்றன, அந்தந்த ஊர் நடத்துநர்களே எழுதுவார்கள். என்னிடம் 41 நிறுத்தங்களுக்கு எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. யார் பொறுப்பெடுத்துக் கேட்டாலும் நேரில் வந்து கொடுத்துவிடுகிறேன், எனக்கு ஒரு பைசா வேண்டாம்.

முதல் பக்கத்தில் ஐஸ் ஹவுஸுக்கு எழுதியிருப்பது இது:

"1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைத்திருந்த இடம். எதிரே கடல், அந்த வழியாகத்தான் வந்தது."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
அயனாவரம், சென்னை-23